சித்திரை மாதத்துப் பனிக்கட்டி

நம் ஊரில் பனிக்கட்டி என்றால் கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம் சைக்கிளில் வரும் குச்சி ஐஸ். இல்லாவிட்டால் கல்யாண வீட்டுக்கு மரத்தூளில் புதைத்துக் கொண்டுவருகிற பாளம். இந்த இரண்டும் இல்லாத வேறொரு பனிக்கட்டியைச் சித்திரை மாதத்தில் மீனாட்சிபுரத்துக் காட்டில் வைத்துத் தொட்டேன் என்று சொன்னால் உங்கள் அம்மா இப்போதும் சிரிக்கிறாள். நீங்களும் கூடச் சேர்ந்துகொள்கிறீர்கள். அதனால் எழுதிவைக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பொறுத்துப் படியுங்கள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. மழை பிடிப்பதற்கு முன் ரப்பர் மரங்களுக்கு மருந்து அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை எல்லாம் கொட்டிவிடும். ஆள் ஏறி அடிக்க முடியாத மலைச்சரிவுகளுக்குச் சின்ன விமானத்தில் அடித்தார்கள். அந்தக் கம்பெனி நம் ஊரில் ஒரு கவுண்டருடைய தரிசுக் காட்டைப் பிடித்துச் சமன் செய்து ஓடுபாதை ஆக்கியிருந்தது. விமானம் இரண்டு. ஒன்று பழையது, ஒன்று புதியது. இரண்டிலும் ஓட்டுகிற ஒருவருக்கு மட்டும்தான் இடம்.

எனக்குப் பெட்ரோல் வேலை. விடியும் முன்னால் போய், பேரலில் கைப்பம்பைப் போட்டு அடித்து, புனலில் மெல்லிய தோலை விரித்து வடிகட்டி, இரண்டு விமானத்துக்கும் ஊற்ற வேண்டும். அந்தத் தோல் பெட்ரோலை விடும், தண்ணீரை விடாது. கேட்பதற்குச் சின்ன வேலைதான். தோள்பட்டை மாலையில் தூக்க வராது. கையில் பெட்ரோல் பட்டுப் பட்டுத் தோல் வெடித்து, சோறு பிசைந்தால் எரியும். அந்த வருஷம் உங்கள் அம்மா வயிற்றில் மூத்தவன் இருந்தான். சொந்தக் காட்டில் கிணறு வற்றிக் கிடந்தது. அந்த வேலை போனால் வேறு வேலை இல்லை.

நம் வீட்டில் பால் கேனுக்கு என்ன செய்வோம்? வண்டி வருகிற வரைக்கும் ஈரச் சாக்கைப் போர்த்திவைப்போம். கேன் குளுகுளுவென்று இருக்கும், பால் திரியாது. அதே பழக்கத்தில் நான் பெட்ரோல் பேரல்களுக்கும் ஈரச் சாக்குப் போர்த்தினேன். வெயிலில் பேரல் உப்பி, மூடியைத் திறந்தாலே புஸ்ஸென்று ஆவி அடிக்கும். சாக்குப் போட்ட பிறகு அது அடங்கியது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பழைய விமானத்தை ஓட்டியவர் கோயம்புத்தூர்க்காரர், பட்டாளத்திலிருந்து வந்தவர். ஒருநாள் மலைமேல் இன்ஜின் இருமியது என்றார். அடுத்த நாளும் சொன்னார். அதற்கடுத்த நாள் இன்ஜின் கிட்டத்தட்ட நின்றேவிட்டதாம். மருந்தை அப்படியே காட்டின் மேல் கொட்டிவிட்டு, பாரத்தைக் குறைத்துக்கொண்டு திரும்பி வந்தார். கீழே வந்து ஓட்டிப் பார்த்தால் இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. அவர் சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. நேராகப் பேரல்களிடம் வந்து சாக்கைக் காலால் தள்ளினார்.

"மேல தண்ணி, கீழ பெட்ரோல். இதைப் போட்டது யாரு?"

"நானுங்க சார். மூடி இறுக்கமாத்தானுங்க இருக்குது. தோல்லயும் வடிச்சுத்தானுங்க ஊத்தறேன்."

"மேல போறது நான் ஒருத்தன். தண்ணி உள்ள போனா கீழ நிக்கற உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

பாலக்காட்டிலிருந்து இன்ஜினியரை வரச் சொல்லியிருப்பதாகவும், அவர் பார்த்த பிறகு எனக்குப் பதிலாக வேறு ஆளைப் போடப் போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. பேரல் தலையில் தேங்குகிற தண்ணீர், பேரல் குளிரும்போது மூடி வழியாக உள்ளே இழுபடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் மலைமேல் விழுந்திருந்தால் கொன்றவன் நான் என்று ஊர் சொல்லியிருக்கும் என்பதுதான்.

மருந்து கலக்குகிறவர் மலைமேல் சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்தவர். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். மருந்து எண்ணெய் பிடித்து முழங்கை வரைக்கும் பச்சையாக இருப்பார். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பீடி மடித்தார், பற்றவைக்கவில்லை. பெட்ரோல் பக்கத்தில் பற்றவைக்கக் கூடாது.

"போகச் சொன்னா போயிருவியோ?" என்றார்.

"போகச் சொன்னா போய்த்தானுங்களே ஆகோணும்."

"பால் கேனுக்குப் போத்துதத பெட்ரோலுக்குப் போத்தியிருக்கான்னு இனி இந்த சில்லா முழுக்கச் சொல்லிச் சிரிப்பானுவ, அதை நெனச்சுக்கோ." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவர் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் இன்ஜினியர் பஸ்ஸில் வந்தார். பாலக்காட்டில் பழைய கோயில் தெருக்காரர், நெற்றியில் விபூதி, கையில் ஒரு தகர டிபன் பெட்டி. எல்லாப் பேரலிலிருந்தும் அடிப்பெட்ரோலைக் கண்ணாடிக் கிளாசில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். தண்ணீர் இல்லை. விமானத்தின் டாங்கிலும் இல்லை. இருந்த தண்ணீரை அதற்குள் நானே வடித்துக் கொட்டியிருப்பேன் என்று என்னைக் காட்டிச் சொன்னார் பைலட். இன்ஜினியர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். புதிய விமானத்துக்கு எந்தப் பேரலிலிருந்து ஊற்றினேன் என்று. அதே பேரல்தான் என்றேன்.

"ரெண்டும் ஒரே பாலைக் குடிச்ச கன்னாக்கும். ஒண்ணுக்கு மாத்திரம் வயத்தால போறதுன்னா பாலைக் குத்தம் சொல்லலாமோ?" என்று பைலட்டைப் பார்த்தார்.

பிறகு இரண்டு விமானத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். பழையதில் கார்ப்புரேட்டர் இருந்தது. பெட்ரோலும் காற்றும் அதன் தொண்டையில் கலந்துதான் இன்ஜினுக்குள் போகும். புதியதில் அது இல்லை. பம்பு பெட்ரோலை நேரே இன்ஜின் வாய்க்கே பீச்சிவிடும். பழையதற்குள் ஏறிப் பார்த்தவர் ஒரு கைப்பிடியைக் காட்டினார். அது செம்புக் கம்பியால் கட்டிக் கிடந்தது. நாங்கள் எல்லோரும் தினமும் பார்த்த கட்டுதான். அந்தக் கைப்பிடியை இழுத்தால் சைலன்சர் குழாயைச் சுற்றிச் சூடேறுகிற காற்று கார்ப்புரேட்டருக்குப் போகும். சுடுகாற்றுப் போனால் இன்ஜினுக்கு வலு குறையும், போதாததற்கு வடிகட்டி வழியாக வராமல் நம் காட்டுப் புழுதியையும் சேர்த்து இழுக்கும். இந்த வெயில் ஊரில் இன்ஜினுக்கு எதற்குச் சூடு என்று பைலட்தான் கட்டச் சொல்லியிருந்தார்.

கார்ப்புரேட்டருக்குள் பனி பிடிக்கிறது என்றார் இன்ஜினியர்.

"பாலக்காட்டுல பனிக்கட்டியா? உங்க தெருவுல யாராச்சும் கனாக் கண்டாங்களா சாமி?"

"நாளைக்குக் காலம்பற தொட்டுக் காட்டறேன். அதுவரைக்கும் இவன் இருக்கட்டும்."

அன்று மதியத்துக்குப் பிறகு விமானம் போகவில்லை. கிழக்கே மழை கட்டியிருந்தது. கொட்டகை நிழலில் இன்ஜினியர் தயிர்ச்சாதம் சாப்பிட்டுக்கொண்டே அண்ணாச்சிக்கும் எனக்கும் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. என் ஈரச் சாக்கை எடுத்தே விளக்கினார். சாக்கிலிருந்து தண்ணீர் ஆவியாகப் போகும்போது பேரலின் சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. பெட்ரோல் தண்ணீரைவிட வேகமாகப் போகிறது, அதனால்தான் உன் கையில் பட்டால் சில்லென்கிறது. கார்ப்புரேட்டர் தொண்டையில் அது இன்னும் வேகம். மலைமேல் குளிர்ந்த ஈரக்காற்று அங்கே வந்தால், அதிலிருக்கிற ஈரம் உறைந்து தொண்டையை அடைக்கிறது. கீழே இறங்கினால் உருகிவிடுகிறது, தடயமே இருக்காது.

குளிர் நாடுகளில் இறக்கைமேலேயே பனி பிடிக்குமாம். அதற்கு அவர்கள் செய்கிற வித்தைகளையும் சொன்னார். இறக்கையின் முன்விளிம்பில் ரப்பர் ஒட்டி, பனி கட்டின பிறகு உள்ளே காற்றை ஊதினால் ரப்பர் உப்பிப் பனி உடைந்து விழும். ஈ உட்கார்ந்த இடத்தில் மாடு தோலைச் சுண்டுமே, அந்த மாதிரி. ஆனால் பனி கொஞ்சம் சேரும் வரை காத்திருக்க வேண்டும், அதுவரை பனியோடேதான் பறக்க வேண்டும். இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக ஒரு திரவத்தைக் கசியவிடுவது. பலாப்பழம் அறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவுகிற மாதிரி, பனி ஒட்டவே ஒட்டாது. ஆனால் திரவம் தீர்ந்தால் தீர்ந்ததுதான், அதன் பாரத்தையும் சுமக்க வேண்டும். மூக்கில் சுற்றுகிற காற்றாடிக்கு மின்சாரத்தால் சூடு வைப்பதும் உண்டு. நம் பழைய விமானத்தின் சுடுகாற்றுக் கைப்பிடி இவை எல்லாவற்றிலும் எளிது, அதற்கும் இன்ஜின் வலுவைக் கொடுத்தாக வேண்டும். எந்த முறையும் சும்மா வருவதில்லை என்றார். எனக்கு அது மட்டும் நன்றாகப் புரிந்தது.

"எங்க சின்னக்கானல்ல மார்கழி வந்தா தேயிலை மேல உப்பு கொட்டுன மாதிரிக் கெடக்கும்" என்றார் அண்ணாச்சி. "கொழுந்து கருகிப் போவும். அந்தச் சனியன் ரப்பர் காட்டுக்கும் வந்துட்டாக்கும்."

ராத்திரி மழை பெய்து ஓய்ந்திருந்தது. காலையில் காற்றே நனைந்த துணி மாதிரி இருந்தது. கைப்பிடிக் கம்பியை இன்ஜினியர் வெட்டினார். பைலட் உள்ளே ஏறி இன்ஜினை மெதுவாக ஓடவிட்டார். நாங்கள் நின்று கேட்டோம். யாரும் எதையும் தொடாமலே சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, தூக்கம் பிடிக்கிறவன் பேச்சு மாதிரி. இன்ஜினியர் கை காட்டினார், பைலட் இன்ஜினை நிறுத்தினார். இன்ஜினியர் அடியில் கார்ப்புரேட்டர் குழாயைக் கழற்றி என் கையைப் பிடித்து உள்ளே விட்டார். விரலில் சொரசொரப்பாக, உப்புக்கல் மாதிரி, சுடுகிற அளவுக்குக் குளிராக ஒன்று பட்டது.

பைலட் இறங்கி வந்து கையை விட்டபோது இன்ஜின் சூட்டில் அது உருகியிருந்தது. ஈரமான விரலை வெளியே எடுத்துப் பார்த்தார்.

"தண்ணிதான்" என்றார். "நான் சொன்னதுதான்."

நான் போய்ப் பேரல் மேல் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இன்ஜினியர் கோபப்படவில்லை. குழாயைத் திரும்ப மாட்டினார். இந்த முறை தானே உள்ளே ஏறிக்கொண்டு பைலட்டைக் கீழே நிற்கச் சொன்னார். மறுபடியும் சத்தம் இறங்கிற்று. முதலில் கைப்பிடியை இழுத்துக் காட்டினார். இன்ஜின் இன்னும் தாழ்ந்து, இருமி, துப்பி, அப்புறம் பழையபடி உரக்க எழுந்தது. கைப்பிடியை உள்ளே தள்ளி, சத்தம் திரும்ப இறங்கும்வரை விட்டு, நிறுத்தினார். அண்ணாச்சியும் நானும் குழாயைக் கழற்றினோம். பைலட் அதே நொடியில் கையை உள்ளே விட்டார்.

விட்ட கையை அவர் உடனே எடுக்கவில்லை. எடுத்தபோது நகத்தில் வெள்ளையாக ஒரு துணுக்கு இருந்தது. அது கண்ணெதிரே துளியாகிப் போகும்வரை பார்த்தார். கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார்.

"சாக்கை எடுத்துரு. அது எப்படியும் தப்புதான்" என்றார் என்னிடம். பிறகு, "பெட்ரோலை ஏத்து, நேரமாச்சு."

அவ்வளவுதான். வேறு ஆளைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. சாக்கை எடுத்துக் கொட்டகைக் கழியில் காயப் போட்டேன். தோலைப் புனலில் விரித்தேன். தோள் வலித்தது. பம்பை அடித்தேன்.

அந்தப் பருவம் முடியும்வரை பைலட் மலைப்பக்கம் திரும்பும் முன் ஓடுபாதைக் காட்டுக்கு மேலேயே ஒருமுறை கைப்பிடியை இழுத்துப் பார்ப்பார். சத்தம் சட்டென்று தாழும். ஏன் தாழ்கிறது என்று தெரிந்திருந்தும் ஒவ்வொரு காலையும் என் கை பம்பில் அப்படியே நின்றுவிடும். சத்தம் மேலே எழுந்த பிறகுதான் மிச்சப் பேரலை அடிப்பேன்.