மஞ்சள் பட்ட பாலிசி

முதலில் வெறும் இருமல்தான். காஜா பேராங் சாலையில் சைக்கிள் மிதிக்கும்போது மூச்சு இரைத்தது. பிறகு ஒருநாள் கைக்குட்டையில் இரத்தம்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர் காசநோய் (நுரையீரலைக் கிருமி அரிக்கும் நோய்) என்றார். "எட்டு மாதம் படுக்கை, ஊசி, மாத்திரை. பாதியில் எழுந்து ஓடினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அப்புறம் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது."

எனக்கு இருபத்திரண்டு வயது. ரப்பர் கிடங்கில் குமாஸ்தா. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. வீட்டில் அம்மாவும் படிக்கும் தங்கையும். ஆனாலும் நான் பயப்படவில்லை. நோயில் படுத்தால் வாரந்தோறும் பணம் தரும் காப்புறுதி ஒன்று எடுத்திருந்தேன். அப்போது ஊரில் ஏஜெண்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் படியிறங்கும் முன்பே அடுத்தவர் செருப்பைக் கழற்றுவார். இருப்பதிலேயே மலிவானதைத்தான் நான் வாங்கினேன்.

பணம் கேட்டு எழுதியதற்குக் கம்பெனியின் பதில் ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்தது. பாலிசியில் தேதி திருத்தப்பட்டிருக்கிறதாம். எடுத்து ஆறு மாதம் கழிந்த பிறகு வரும் நோய்க்குத்தான் பணமாம்; அப்படி ஆறு மாதம் ஆனதற்கு ஆதாரம் இல்லையாம். அதனால் பணமும் இல்லையாம்.

அம்மாவிடம் கேட்டேன்.

"புதுக் கடுதாசி வீட்டுக்கு வந்தா மஞ்சள் வைக்காம எப்படிய்யா உள்ள வைக்கிறது? கொஞ்சம் தண்ணி கூடிப்போச்சு."

தேதி இருந்த மூலையில் மை கரைந்திருந்தது.

"ஒரு மூலையில மட்டும் வச்சா பத்தாதாம்மா?"

"கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு மூலையிலயா வைப்பாங்க?"

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியை விட்டு வேலைக்குத் திரும்புவது என்று முடிவு செய்தேன். வேறு வழி தெரியவில்லை. அதற்கு முன்னால், நான் வேண்டாமென்று அனுப்பிய போட்டிக் கம்பெனி ஏஜெண்டு முத்தையா, அம்மாவிடம் நடந்ததைக் கேட்டுக்கொண்டு பார்க்க வந்தார்.

"என்னா தம்பி, மலிவுன்னு அவன்கிட்ட போனீங்க. இப்ப மூஞ்சியைக் காட்டுறானா?"

"கிண்டல் பண்ண வந்தீங்களா அண்ணே?"

"பாதி அதுக்குத்தான் லா. மீதியக் கேளுங்க. புதுச் சட்டம் வந்திருக்கு. ஒவ்வொரு கம்பெனியும் பாலிசிப் பதிவேடு வச்சிருக்கணும், கவர்மெண்டு கேட்டா காட்டணும். உங்க அம்மா அவன் பதிவேட்டுல தண்ணி ஊத்தலையே."

"இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"அவன் பேரு கெட்டா செமாபோக் பக்கம் பத்து வீடாவது என்கிட்ட பாலிசி எடுக்கும்."

அன்றே, படுத்தபடியே, கோலாலம்பூரில் காப்புறுதியைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். மஞ்சள் கதையை மறைக்கவில்லை. டாக்டரும் பதில் வரும்வரை இருக்கச் சொன்னார்.

அதிகாரி பதிவேட்டைக் கேட்டிருக்கிறார். கம்பெனியின் கையெழுத்திலேயே என் தேதி தெளிவாக இருந்தது. இரத்தம் வருவதற்கு ஒன்பது மாதம் முன்பு. விட்டுப்போன வாரங்களுக்கும் சேர்த்துப் பணம் வந்தது. கடிதத்தை வார்டில் உரக்கப் படித்தேன். பக்கத்துக் கட்டில் மலாய்க்காரர், "மெனாங்" (ஜெயித்துவிட்டாய்) என்று கட்டிலைத் தட்டினார். தம் பாலிசியையும் படித்துச் சொல்லும்படி கேட்டார்.

என்னைப் போலப் படுத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பாலிசி எண்ணையும் தேதியையும் வேறொரு தாளில் எழுதி வையுங்கள். மஞ்சளை அந்தத் தாளுக்கு வைக்கலாம். மறுத்துவிட்டார்கள் என்பதற்காக மருந்தைப் பாதியில் விடாதீர்கள்.

கடைசிக் கோழைப் பரிசோதனையில் (சளியில் கிருமி தேடுவது) ஒன்றும் இல்லை. முன்பு ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டேன். இப்போது மூச்சை இழுத்தால் அது நெஞ்சின் அடிவரை போவது தெரிகிறது. அது திரும்பும்வரை காத்திருக்கவும் முடிகிறது. எட்டு மாதம் வீணாகிவிட்டது என்கிறார்கள் நண்பர்கள். வீணாகவில்லை. ஒரு நாள்கூடக் குறையாமல், படுத்தே ஜெயித்த எட்டு மாதம் அது.