காது அக்காவும் பல்லிவாலும்

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயர் காது அக்கா. கேட்கும் திறனைச் சோதிக்கும் அறையில் இருபது வருடம் உட்கார்ந்திருப்பவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வருகிறவர்களுக்கு ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, "சத்தம் கேட்டா அமுக்குங்க, கேக்கலேன்னா சும்மா இருங்க, வெக்கப்படாதீங்க" என்பார். கிளம்பும்போது ஓர் உபதேசம் இலவசம்: "பாட்டைக் கம்மியா வெச்சுக் கேளுங்க."

வீட்டுக்குப் போனதும் அந்த உபதேசம் காற்றில் பறந்துவிடும். பல்லிவால் என்று ஒரு பங்க் ராக் குழு, மூன்றே பேர். மூன்று முறை சண்டை போட்டுப் பிரிந்தும் துடிப்பு அடங்காத கூட்டம். கிட்டார்காரருக்குக் கம்பியில் தெரிந்தது மொத்தம் மூன்று விரல்பிடி. பாடுகிறவளுக்குக் கத்தி சாணை பிடிக்கிற குரல். எந்தப் பாட்டும் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. வேலைக்குச் சேருவதற்கு முன்னால், ஒரு சான்றிதழுக்காக எட்டாவது முறை அலைந்துவிட்டு வந்த நாளில்தான் அக்கா 'வரிசையில் நில்' பாட்டை முதலில் கேட்டார். இதையெல்லாம் இப்படி வாய்விட்டுக் கத்தலாமா என்று சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அழகாகப் பாடத் தெரிந்தவர்கள் நிலாவைப் பாடப் போய்விட்டார்கள். கவுன்ட்டர் மூடிய பிறகும் நிற்கிறவனைப் பாட இவர்களை விட்டால் யார்?

அந்தப் பாட்டின் தொடக்கத்தில் டிரம்ஸ்காரி பித்தளைத் தட்டின் விளிம்பில் குச்சி நுனியால் எட்டுத் தட்டு தட்டுவாள். மெல்லிய, தனியான எட்டுத் தட்டு. பிறகு கூரையே இடிந்து விழும். இடிவதைவிட அக்காவுக்கு அந்த எட்டுதான் உயிர்.

கணவர் நூலகர். 'அமைதி காக்கவும்' பலகைக்குக் கீழேயே பாதி ஆயுளைக் கழித்தவர். "இதுக்குப் பேரு பாட்டா? தகரத்துல ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு" என்று புத்தகத்தோடு அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுவார். இருபத்திரண்டு வருடமாக இதே வசனம், இதே நகர்வு.

பல்லிவால் முதல்முறையாக ஊருக்கு வருகிறது என்றதும் அக்கா இரண்டு டிக்கெட் வாங்கினார். அதே வாரம் ஊழியர்களுக்கான வருடாந்திரப் பரிசோதனை. கூட வேலை செய்யும் பெண் அக்காவைச் சோதித்தாள். எல்லாம் அமோகம்.

"எப்படி அமோகம்?" என்றார் கணவர். "காலிங் பெல் மூணு தடவை அடிச்சுது. நீ வாசலுக்குப் பக்கத்துலதானே உக்காந்திருந்தே?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. எத்தனை விநாடிக்கு ஒரு சத்தம், எப்போது குறைப்பார்கள், எப்போது கூட்டுவார்கள் என்பது அவருடைய விரலுக்கு மனப்பாடம். காதைக் கேட்காமலே விரல் அமுக்கியிருக்கிறது! மறுநாள் முதல் வேலையாக அந்தப் பெண்ணைப் பிடித்தார். "இடைவெளியை மாத்தி மாத்தி வை. நடுவுல சும்மாவும் இரு. என்னை ஏமாத்து."

"அக்கா, எனக்கு பயமா இருக்கு."

"எனக்கும்தான். வை."

சோதனை வரைபடத்தில், உயர்ந்த சுருதிகள் வரும் இடத்தில் இடது காதின் கோடு மாடிப்படி போல இறங்கியிருந்தது. வலது காதும் முதல் படியில் கால் வைத்திருந்தது. அந்த அறையிலேயே உட்கார்ந்து 'வரிசையில் நில்' கேட்டார். நேராகக் கூரை இடிந்தது. எட்டுத் தட்டு இல்லை. எத்தனை வருடமாக அதை ஞாபகத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"கச்சேரிக்குப் போக வேண்டாம்னு சொல்லல. காதுக்கு அச்செடுத்துச் செஞ்ச அடைப்பான் போடாம போகாதீங்க" என்றார் டாக்டர். அடைப்பானையும் போட்டால் மெல்லிய சத்தம் சுத்தமாகப் போய்விடும். அந்த எட்டு இல்லாமல் அங்கே போய் என்ன வாழ்கிறது? இரவு சாப்பாட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அக்கா கொஞ்சம் அழுதார்.

கணவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தார். "டிக்கெட் வாங்கியாச்சு. எனக்கும் சேத்து ரெண்டு ஜோடி அடைப்பான் செய்."

நிகழ்ச்சி மாலை ஐந்துக்கு. முடியைப் பச்சையாக்கிய பிள்ளைகளுக்கு நடுவே, சட்டையை இன் பண்ணிய நூலகரும் காது அக்காவும். காதுகளில் அக்கா கையால் வார்த்த சிவப்பு அடைப்பான்கள். ஒன்பது பாட்டு முடிந்தது. சத்தம் நெஞ்செலும்பு வழியாக வந்தது. அதுவே சுகமாக இருந்தது. அக்கா கத்தினார், குதித்தார், செருப்பு ஒன்றைத் தொலைத்தார்.

திடீரென்று விளக்குகள் அணைந்தன. டிரம்ஸ்காரியின் மேல் மட்டும் ஒரு வெளிச்சம். அவள் ஒரே ஒரு குச்சியை எடுத்தாள். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. குதிப்பதை நிறுத்திக் கண்களைத் தாழ்த்திக்கொண்டார். கேட்காததைப் பார்க்கவும் மனம் வரவில்லை.

அப்போது இடது தோளில் ஒரு விரல் தட்டியது. மறுபடியும். மறுபடியும். அவசரமும் தயக்கமும் இல்லாமல், பாட்டில் இருக்கிற அதே நிதானத்தில். திரும்பிப் பார்த்தார். கணவர் மேடையைப் பார்த்துத் தட்டவில்லை. கண்ணை மூடியிருந்தார்; அவர் விரலுக்கும் அது மனப்பாடம்.

நான்கு, ஐந்து, ஆறு, ஏழு.

எட்டாவது தட்டுக்கு அக்கா தரையில் இல்லை.