பாய்மரத்தின் கீழே அப்பா

கல்லூரிக்கு ஒரு வருடம் விடுப்புச் சொல்லிவிட்டு நான் பாய்மரக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்ததும் அப்பா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். “படிப்ப விட்டுட்டு கயிறு இழுக்கப் போறியா?” என்று கேட்டதோடு சரி.

அவர் லாபு தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுகிறவர். நீண்ட கம்பில் கட்டிய அரிவாளை உயர்த்துமுன் எங்களை விரட்டுவார். “மேல வேலை நடக்கறப்ப கீழ நிக்காத லா!”

கப்பல் எங்கள் ஊர்ப் பக்கத்துப் போர்ட்டிக்சன் துறைமுகத்துக்கு வந்தபோது அம்மா அவரை இழுத்துக்கொண்டு வந்தார். வந்தவர்களுக்கு உச்சிப் பாயை விரித்துக் காட்டுவது அன்று என் முறை. கயிற்றேணியில் ஏறி முடிச்சை அவிழ்த்தேன். வெள்ளைப் பாய் சரிந்து விழுந்து, காற்று வாங்கிப் புடைத்தது. அதற்கு அப்பால் கடல், கடல், கடல். இவ்வளவு பெரிய உலகமா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு கீழே பார்த்தேன். எல்லாரும் விலகி நின்றார்கள். அப்பா மட்டும் எனக்கு நேர் கீழே, அண்ணாந்து பார்த்தபடி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். என் இடுப்பில் இருந்த பாதுகாப்புக் கயிறு அவருக்குப் போதவில்லை.

“தள்ளி நில்லுங்கப்பா!”

“நீ மொதல்ல எறங்கும்மா!”

எத்தனையோ துறைமுகங்கள் பார்த்துவிட்டேன். அந்தக் கைகளைவிடப் பெரிதாக விரிந்த பாயை இன்னும் பார்க்கவில்லை.