துண்டு வீசுமுன் வந்த விரால்

வைகாசி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. பழங்காநத்தம் வீட்டில் வழக்கம்போல் வாசல் தெளித்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, துணிகளை ஊறவைத்துவிட்டு உட்கார்ந்தபோது, செல்லூர் மாமா இரண்டு விரால்களோடு வந்தார். அம்மாவின் தம்பி, தறி ஓட்டி ஓய்ந்தவர். கல்லுப்புப் போட்டு மீனை உரசியதும் கிளம்பிய சேற்று வாடை என்னை மேலூர்ப் பக்கத்து எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் கொண்டுபோய் நிறுத்தியது.

கோடையில் கண்மாய் முழங்கால் அளவுக்கு வற்றியதும் மீன்பிடிக்கு நாள் குறித்துத் தமுக்கடிப்பார்கள். அன்றிலிருந்து, கரையில் நின்று வெள்ளைத் துண்டு வீசும்வரை, ஊரில் எந்த வீட்டிலும் மீன் குழம்பு கொதிக்கக் கூடாது. வீசிய பிறகு, மூங்கிலில் பின்னிய ‘ஊத்தா’க் கூடையோடு யார் வேண்டுமானாலும் தண்ணீரில் இறங்கலாம், பிடித்ததை விற்காமல் வீட்டில்தான் ஆக்க வேண்டும். கண்மாய்க் காவலிலிருந்த என் அப்பாதான் ஆண்டுதோறும் துண்டு வீசுவார். அதற்கென்றே ஒரு துண்டை அம்மா தனியாக வெளுத்து வைத்திருப்பாள்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில், மீன்பிடிக்கு முதல் நாள், விளையாடிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது அடுக்களைச் சட்டியில் விரால்கள் புரண்டுகொண்டிருந்தன. பக்கத்தில் மாமா. “முறை தெரியாமக் கொண்டாந்துட்டான்” என்றாள் அம்மா. தம்பி கொண்டுவந்ததைத் தூக்கிப்போட மனமில்லாமல், சன்னலைச் சாத்திக்கொண்டு குழம்பு வைத்தாள். வாடை சன்னலுக்கு அடங்குமா? அடுத்த வீட்டு அத்தை வாசலில் நின்று சிரித்தாள்: “என்னடி, அண்ணே துண்ட வீட்டுக்குள்ளயே வீசிட்டாரா?”

மறுநாள் அப்பா துண்டை வீசினார், ஊரே இறங்கியது. பொடிக் கெண்டைகளைத் தவிர எதுவும் அகப்படவில்லை. யாரோ முன்பே வலை போட்டுவிட்டார்கள். யாரும் பெயர் சொல்லவில்லை. “காவலிருந்தும் இம்புட்டுத்தானா?” என்று அப்பாவைப் பார்த்தபடி ஒருவர் ஊத்தாவைக் கவிழ்த்துக் காட்டினார். அடுத்த ஆண்டு துண்டு வேறு கைக்குப் போனது. அப்பா அதன்பிறகு கரைப் பக்கமே போகவில்லை.

அந்த விரால் கண்மாய் மீனோ என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. மாமா மீனோடு வந்து இறங்கியதை நான் பார்க்கவில்லை. அம்மா மீன் முள்ளை வீட்டுக் குப்பைக்குழியில் போடாமல், தாளில் சுற்றிக் கருவேலங்காட்டுக்குள் வீசிவிட்டு வந்ததைத்தான் பார்த்தேன். கேட்டதற்கு, “வாங்குன மீனுன்னு சொன்னா எவ நம்புவா?” என்றாள். வாங்கிய மீன்தான் என்றும் அவள் சொல்லவில்லை.

இப்போது அந்தக் கண்மாயை மீனுக்குக் குத்தகை விட்டுவிட்டார்கள். கரையில் நடைபாதை, தண்ணீரில் வாத்து வடிவ மிதிபடகுகள். துண்டும் இல்லை, தமுக்கும் இல்லை. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பது மாமா ஒருவர்தான்.

சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்: “மாமா, அன்னைக்கு அந்த விரால எங்க வாங்குனீக?”

அவர் முள்ளெடுப்பதை நிறுத்தவில்லை. “எம்புட்டு வருசத்துக் கதை பாப்பா! ஒங்கப்பா மாதிரியே விசாரணைக்கு ஒக்காந்துட்ட. கொழம்புல புளி கொஞ்சம் தூக்கல்.”

‘சந்தையில்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அதற்காகக் காத்திருந்து இன்னொரு கரண்டி ஊற்றினேன். அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் புறப்பட்டார்.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக, மீன் முள்ளைத் தாளில் சுற்றி எடுத்துப்போய், எங்கள் தெருக் குப்பைத் தொட்டியைக் கடந்து, அடுத்த தெருத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.