வாசனைக்கு மட்டும்

எங்கள் வீட்டில் சமையல் புத்தகங்கள் இருந்த இடம் படுக்கையறை. அடுப்படியில் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிடும், கரப்பான் அரித்துவிடும் என்று என் கணவர் கட்டிலின் கால்மாட்டுச் சுவரில் பலகை அடித்து அலமாரி செய்து கொடுத்தார். ஜொகூரில், உலு திராமில் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லா வீடுகளும் ஒரே அச்சில் கட்டியவை, அறைகள் சின்னவை. அலமாரி வந்தபின் அந்தப் பக்கம் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடத்தில் வீட்டியல் பாடத்துக்கு வாங்கிய மலாய்ப் புத்தகம்தான் முதலாவது. அதன்பின் எப்படி எப்படியோ சேர்ந்தன. மாவு வாங்கினால் இலவசமாகக் கொடுத்த மெல்லிய ஏடுகள், கோயில் மாதர் பிரிவு அச்சடித்த தொகுப்பு, ஒரு பக்கம் சீனமும் எதிர்ப்பக்கம் ஆங்கிலமுமாக இருந்த சூப் புத்தகம், ஆழாக்குக் கணக்கில் பேசும் தமிழ்நாட்டுப் புத்தகங்கள். புதிதாக இருக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில்லை. மஞ்சள் கறை படிந்த பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். யாரோ ஒரு பெண் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துச் சமைத்திருக்கிறாள் என்று அர்த்தம். ஓரத்தில் பென்சிலால் 'சீனி பாதி போதும்' என்று எழுதியிருந்தால் அந்தப் புத்தகத்தை விட்டுவிட்டு வர எனக்கு மனம் வராது.

புத்தகங்களில் பாதிக்குமேல் அவர் கொண்டுவந்தவை. சிங்கப்பூரில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தார். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போய், இருட்டியபின் திரும்புவார். பட்டறைக்குப் பக்கத்தில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. அங்கே சமையல் புத்தகம் எது கண்ணில் பட்டாலும் மழைக்கோட்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வந்துவிடுவார். அவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. படத்தைப் பார்த்து வாங்குவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டிலில் மல்லாந்து படுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டுவார். "அடுத்த வாரம் இது." நான் செய்வேன். நன்றாக வந்தால் ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் முறை போட்டுக்கொள்வார். சரியில்லை என்றால் காரணத்தோடு சொல்வார். மல்லி வறுபட்டது போதவில்லை, தேங்காய்ப்பால் சீக்கிரம் ஊற்றிவிட்டாய். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாக இருக்கும். நான் ருசி பார்ப்பதற்கே அவர் நாக்கைத்தான் நம்பியிருந்தேன்.

அந்த நாக்கின் அடியில்தான் புண் வந்தது.

பல் குத்துகிறது என்று நினைத்தோம். கிளினிக்கில் தடவ மருந்து கொடுத்தார்கள். ஆறவில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவர் ஊறுகாய்த் துண்டை டம்ளர் தண்ணீரில் அலசிவிட்டுச் சாப்பிடுவதைப் பார்த்தேன். காரத்துக்கு அஞ்சாதவர். ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளி எடுத்து அனுப்பினார்கள். முடிவு சொன்ன டாக்டர் சின்னப் பெண். மலாயில் மெதுவாகச் சொன்னாள். அவர் கேட்ட ஒரே கேள்வி, "சாப்பிட முடியுமா?" என்பதுதான். அவள் கோப்பைப் புரட்டிக்கொண்டே, "முதலில் உயிரைப் பார்ப்போம், பாக்சிக்" என்றாள், மாமா என்பதுபோல.

நாக்கில் பாதிக்குமேல் எடுத்துவிட்டார்கள். அதன்பின் கழுத்துக்குக் கதிர்வீச்சு வைத்தார்கள். தோல் கருகி உரிந்தது. தொண்டை விழுங்கும் வேலையை மறந்துவிட்டது. எதைக் கொடுத்தாலும் நுரையீரலுக்குப் போகிறது, வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது என்று சொல்லி, வயிற்றில் துளை போட்டு ட்யூப் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சத்துப் பால்மாவைக் கரைத்துப் பெரிய ஊசிக்குழாயில் ஊற்றி, அது மெல்ல இறங்கும்வரை கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வனிலா மணம் வரும் மாவு. அவருடைய சட்டை, தலையணை, என் கைகள் எல்லாம் அதே மணம்.

நான் சமைப்பதை நிறுத்தினேன். பட்டினி கிடப்பவர் இருக்கும் வீட்டில் எப்படித் தாளிப்பது? பகலில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் கேண்டீனில் சாப்பிட்டுக்கொள்வேன். இரவில் பின்கட்டில் துணி துவைக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று பிஸ்கட்டைக் கோப்பியில் நனைத்துத் தின்பேன். படுக்கையறை அலமாரியை ஒரு பழைய பட்டிக் துணியால் மூடிவைத்தேன்.

கொஞ்ச நாள் அவர் பொறுத்துப் பார்த்தார். அவர் பேச்சு குழறும். மற்றவர்களுக்குப் புரியாது. எனக்குப் பழகியிருந்தது.

"ஏன் வீட்ல ஒரு வாசனையும் இல்ல?"

"யாருக்குங்க சமைக்கிறது? நான் கேண்டீன்லயே சாப்டுக்கிறேன்."

"நான் செத்துட்டேனா?"

நான் ஊசிக்குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆஸ்பத்திரி மாதிரி நாறுது லா. போயி எதையாச்சும் தாளி."

எழுந்து போனேன். எதற்குத் தாளிப்பது என்றே தெரியவில்லை. சும்மா வாணலியை வைத்து எண்ணெய் ஊற்றி, கடுகு, காய்ந்த மிளகாய், கருவேப்பிலை போட்டேன். வெடித்தது. திரும்பிப் பார்த்தால் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றிருந்தார். கண்ணை மூடி மூக்கால் இழுத்தார். நெடியில் இருமல் வந்தது, அதற்கும் நகரவில்லை. அந்தத் தாளிப்பை வீணாக்க மனமில்லாமல் புளியைக் கரைத்து ஊற்றி ரசம் வைத்தேன்.

அன்றிலிருந்து அடுப்படியில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டேன். பட்டிக் துணியை எடுத்தோம். அவருக்குத் தொலைக்காட்சி பிடிக்காமல் போயிருந்தது. எதைத் திருப்பினாலும் யாராவது தின்றுகொண்டிருப்பார்கள். அதனால் சாயங்காலம் ட்யூபில் பால் இறங்கும்போது நான் புத்தகத்தைப் படித்துக்காட்டுவேன். மலாய்ப் புத்தகங்களில் உப்புக்கு அளவே இருக்காது, 'செச்சுக்குப் ராசா' என்று மட்டும் போட்டிருக்கும். ருசிக்குப் போதுமான அளவு. "எவ்வளோன்னு தெரிஞ்சா நான் ஏன் புக்கு வாங்குறேன்?" என்று அவர் முன்பெல்லாம் சிரிப்பார். இப்போது சிரிக்காமல் கவனமாகக் கேட்டார். நடுவில் கையைத் தூக்கி நிறுத்தித் திருத்துவார். புளி நன்றாகக் கொதித்தபிறகுதான் மீனைப் போடவேண்டும், அந்த அம்மா தப்பாக எழுதியிருக்கிறாள் என்பார். எழுதிய அம்மாவோடு சண்டை போடுவதில் அவருக்கு உற்சாகம் வந்தது.

படித்ததைச் சமைக்கச் சொன்னார். சமைத்ததைத் தன் முன்னால் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார். முதல் தடவை சோற்றைப் பிசைந்தேன், வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அழுகை வந்துவிட்டது.

"அழாம மென்னு" என்றார். கோபமாகத்தான் சொன்னார். "எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா என்ன? சொல்லு."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷம் சொன்னது அவர். கண்ணை மூடி மென்றேன். முதலில் புளிப்பு வருகிறது, பிறகு தேங்காய், காரம் கடைசியில் காதுக்குள் ஏறுகிறது என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். அவர் தொண்டை மேலும் கீழும் அசைந்தது. விழுங்க எதுவும் இல்லை. எச்சிலைத் துணியில் துடைத்துக்கொண்டார். "மல்லி?" என்றார். "பின்னாடி லேசா இருக்கு." தலையாட்டினார். அது கொடுமையா சந்தோஷமா என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை அசாம் பெடாஸ் வைத்தேன். எங்கள் ஊர்ப்பக்கம் எல்லா வீட்டிலும் வைக்கும் புளிக்குழம்பு. திருக்கை மீனும் கெசும் என்னும் வாசனை இலையும் போட்டது. பக்கம் தேர்ந்தெடுத்தது அவர்தான். குழம்பு இறக்கும் நேரம் மழை பிடித்துக்கொண்டது. கொடியில் துணி கிடந்ததால் பின்னால் ஓடினேன். துணியை அள்ளிக்கொண்டு உள்ளே வரும்போது நாற்காலி சாய்கிற சத்தம்.

தரையில் கிடந்தார். முகம் நீலம் பாய்ந்திருந்தது. கரண்டி பக்கத்தில் விழுந்திருந்தது. முதுகில் தட்டினேன், கத்தினேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் ஈரத்தோடு ஓடிவந்து தூக்கிக் காரில் போட்டார். வழியெல்லாம் அவர் மூச்சில் ஒரு கொரகொரப்பு. அவர் வாயிலிருந்து கெசும் மணம் வந்துகொண்டே இருந்தது.

நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள். "வாயில் யார் கொடுத்தது?" என்று டாக்டர் கேட்டபோது நான் அவரைப் பார்த்தேன். கட்டிலில் கிடந்தவர் ஒரு விரலைத் தூக்கித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

பினாங்கில் வேலை பார்க்கும் எங்கள் மகள் மறுநாள் வந்து சேர்ந்தாள். வார்டுக்கு வெளியே என்னை நிறுத்தினாள்.

"அம்மா, சாப்பிட முடியாத மனுஷன் முன்னாடி வச்சா சமைப்பீங்க? ஆசை வராதா அவருக்கு?"

"அப்பாதான்ம்மா கேட்டாரு."

"கேட்டா? கேட்டா செஞ்சிடுவீங்களா?"

நர்சு மிஸ்ஸி ஒருத்தி வந்து சத்தம் போடாதீர்கள் என்றாள். நாங்கள் உள்ளே போனோம். அவர் ஆக்சிஜன் மாஸ்க்கை ஒரு பக்கம் விலக்கி மகளைப் பார்த்து ஏதோ சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள்.

"உப்பு கம்மிங்கிறாரு" என்றேன்.

அவள் சட்டென்று வெளியே போய்விட்டாள். நான் குனிந்து, "ருசி தெரிஞ்சிச்சாங்க?" என்று கேட்டேன். "புளி தெரிஞ்சிச்சு" என்றார். பிறகு மாஸ்க்கைத் தானே சரியாக வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே இறந்துபோனார். காலையில், நர்சுகள் ஷிப்ட் மாறும் நேரத்தில், நான் முகம் கழுவப் போயிருந்தபோது.

எட்டாம் நாள் படையலுக்குச் சொந்தக்காரப் பெண்கள் வந்து அடுப்படியை எடுத்துக்கொண்டார்கள். அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைக்கவேண்டும், என்னென்ன என்று கேட்டார்கள். ஆட்டுக்கறி, நண்டு, வடை என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். மகள் வாசலில் நின்றிருந்தாள். "அசாம் பெடாஸ் வேணாம்" என்றாள். சரி என்றேன். படத்துக்கு முன்னால் வாழையிலையில் எல்லாம் பரப்பி, நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு நின்றோம். உள்ளே அவர் வந்து சாப்பிடுவார் என்று நம்பவேண்டிய நேரம் அது. ட்யூபைப் பிடித்துக்கொண்டு நின்ற கைகளுக்கு அந்த நம்பிக்கை வரவில்லை.

அவள் பினாங்கு திரும்புவதற்கு முன் சில தாள்கள் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே அந்தச் சின்னப் பெண் டாக்டர் எங்களை அடையாளம் கண்டு உட்காரவைத்தாள். கடைசியாக எடுத்த ஸ்கேனில் நோய் நுரையீரலுக்கே பரவியிருந்தது, குழம்பு குடிக்காமல் இருந்திருந்தாலும் அதிக நாள் இருந்திருக்காது என்றாள். சில மாதங்களா, வாரங்களா என்று மகள் கேட்டாள். அதைச் சொல்லமுடியாது என்றாள் டாக்டர்.

மகளும் நானும் காரில் திரும்பினோம். தெப்ராவ் சாலையில் நெரிசல், நகரவே இல்லை. எனக்கு அந்தச் 'சில' என்ற சொல்தான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. என் சமையல் அவருடைய சில வாரங்களை எடுத்துக்கொண்டதா, இல்லை இருந்த வாரங்களுக்கு எதையாவது கொடுத்ததா? அவள் மனதிலும் அதேதான் ஓடியிருக்கவேண்டும்.

"எனக்குப் பசிக்குதும்மா" என்றாள் திடீரென்று.

சாலையோரம் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினோம். அவள் ரொட்டி சானாய் சொன்னாள், நான் மீ கோரேங் சொன்னேன். அவள் என் தட்டிலிருந்தும் எடுத்துச் சாப்பிட்டாள். மன்னிப்பு என்று யாரும் எதையும் பேசவில்லை.

போகும்போது அலமாரியிலிருந்து சில புத்தகங்களை எடுத்துக்கொண்டு போனாள். நான் எதையெல்லாம் என்று பார்க்கவில்லை. அதுவரை அவள் சமைத்தவள் இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் முயற்சி செய்கிறாள். போனில் படம் அனுப்புவாள். பெரும்பாலும் கருகியிருக்கும். எனக்குச் சமைக்கத் தோன்றாத வாரங்களும் உண்டு. அப்போது அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன மாதம் கோழிக்குருமா என்று ஏதோ செய்துவிட்டு வீடியோவில் கூப்பிட்டாள். சட்டிக்குள் காட்டினாள். தண்ணீர் தனியாக, கறி தனியாக நின்றது.

"அப்பா இருந்திருந்தா என்னம்மா சொல்லியிருப்பாரு?"

"இத வாயிலயே வச்சிருக்க மாட்டாரு" என்றேன். எப்போதும் சொல்கிற பேச்சு, யோசிக்காமல் வந்துவிட்டது. சொன்னபிறகுதான் காதில் விழுந்தது.

போன் திரையில் அவள் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கில் தண்ணீர் வர.

"அலமாக், அம்மா!" என்றாள்.

"அடுப்ப அணைச்சிட்டு சாப்புடு" என்றேன். "எவ்வளோ மோசமா இருந்தாலும் சாப்புடு."