இன்ஜினுக்குப் போர்த்திய பொன்னாடை

முதலில் மீசைதான் வந்தது. இன்ஜின் எல்லாம் பிறகு. என் அக்கா புருஷன் அரிகிருஷ்ணனைப் பற்றிச் சொல்வதானால் இந்த வரிசையை மாற்றக்கூடாது.

எழுபத்திரண்டு வாக்கில், புதுச்சேரிப் பஞ்சாலையில் பிட்டராக இருந்தபோது, பழைய பேப்பர் கடையில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை அவர் கையில் மாட்டியது. உள்ளே ஒரு வெள்ளைக்காரர் படம். பக்கத்தில் ஒரு இன்ஜின், பின்னால் துணி போர்த்திய இறக்கையோடு ஒரு விமானம். இரண்டு கன்னத்தையும் தாண்டி முறுக்கி நிற்கும் மீசை. மாமாவுக்குப் பிரெஞ்சில் போன்ழூர் என்கிற வணக்கத்துக்கு மேல் தெரியாது. தெருக்கோடி அம்மாவாசையிடம் எடுத்துப் போனார். அம்மாவாசை பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. சார்ஜண்ட் போடுகிற சத்தம் புரியுமே தவிர, எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அதை ஒப்புக்கொள்ள மனசு வருமா? படத்தைப் பார்த்துத் தன் இஷ்டத்துக்கு ஒரு கதை அளந்தார்.

"இந்த முசியே ஒவ்வொரு இன்ஜினையும் ஊரைக் கூட்டி வச்சித்தான் ஸ்டார்ட் பண்ணுவாராம். ராசாவே வந்து மாலை போடுவாராம்."

அந்தக் காலத்துப் பிரான்சில் ராசாவே கிடையாது. நான் மேரியில், அதாவது எங்கள் ஊர் நகராட்சியில், குமாஸ்தா. பிரெஞ்சு ஓரளவு படிப்பேன். என்னிடம் காட்டியிருக்கலாம். ஆனால் மச்சானிடம் போய்ச் சந்தேகம் கேட்டால் மாமாவின் மரியாதை என்னாவது? பிறகு ஒருநாள் நானாகவே எடுத்துப் படித்தேன். அந்த ஆள் தன் விமானத்துக்குத் தானே இன்ஜின் செய்தவர்தான். மாட்டுக் கொட்டகையில், யாருக்கும் தெரியாமல் ஓட்டிப் பார்த்திருக்கிறார். அதைச் சொன்னேன். "உனக்கு மேரியில ரசீது எழுதற பிரெஞ்சுதான் தெரியும். அம்மாவாசை பாரீசுக்கே போய் வந்தவரு" என்று என் வாயை அடைத்துவிட்டார். அதற்குள் மீசை பாதி வளர்ந்திருந்தது.

முதல் இன்ஜின், காயலான் கடையில் கிடைத்த புல்லட் மோட்டார் சைக்கிளின் பாதி உடம்பு. தெருவையே கூட்டி ஸ்டார்ட் பண்ணினார். அது பெஞ்சை விட்டு இறங்கி நடந்து போய் எதிர் வீட்டு ஆயம்மாவின் தண்ணீர்த் தொட்டியை உடைத்தது. இரண்டாவதற்கு மைக் செட் வைத்தார். சுழலும் தண்டு இரண்டாக ஒடிந்தது. ஓடினது என்னவோ மைக் மட்டும்தான். ஒவ்வொரு தடவையும், "முசியேவுக்கும் இப்படித்தான் ஆச்சாம்" என்பார். இதையும் அம்மாவாசைதான் சொல்லியிருப்பார்.

ஆலையில் ஆட்களைக் குறைத்தபோது முதலில் வீட்டுக்கு வந்தவர்களில் மாமா ஒருவர். இனிமேல் முழு நேரமும் இன்ஜின்தான் என்று சந்தோஷப்பட்டார். நல்ல ஜென்மம். என் அக்கா அமிர்தவல்லி பெரிய மார்க்கெட்டில் பூ கட்டி விற்றுக் குடும்பத்தை இழுத்தாள். ஈரச் சாக்கில் உட்கார்ந்து உட்கார்ந்து முழங்கால் வீங்கியிருக்கும். இவர் குருசுக்குப்பத்தில், கட்டுமரம் செய்கிற ஆசாரி ஒருவரைப் பிடித்துத் தேக்கு மரத்தில் விமான விசிறி செதுக்கிக்கொண்டிருப்பார். "இந்த ஆளை எதுக்கு வச்சிருக்க?" என்று நான் கேட்டால், "நீ ஆபீசுக்குப் போ" என்பாள்.

மூன்றாவது இன்ஜின் நன்றாக இருந்தது. எனக்கு அந்த ஆளைக் கண்டால் எரியும், இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு புல்லட் சிலிண்டர்களை எதிரெதிராகப் படுக்கவைத்து, நடுக்கூட்டைப் பழைய அலுமினியப் பாத்திரங்களை உருக்கி வார்த்திருந்தார். முன்னால் இருந்து பார்த்தால் கைகளை விரித்துக்கொண்டு நிற்கிற மனுஷன் மாதிரி இருக்கும். இந்த இன்ஜினுக்குத் தண்ணீர் கிடையாது. விசிறி அடிக்கிற காற்றுதான் அதன் சூட்டைத் தணிக்க வேண்டும். அதற்காகச் சிலிண்டரைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் தகடுகள் உண்டு. "காத்துதான் இதுக்குத் தண்ணி, காத்துதான் இதுக்குத் தண்ணி" என்று அக்காவிடம் தினம் சொல்லுவார். பூ கட்டிக்கொண்டே கேட்டுக் கேட்டு அவளுக்கு அது மனப்பாடம்.

மாமாவுக்கு ஒரு வழி திறந்ததும் அக்காவால்தான். கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த தன் தங்கையைப் பார்க்க வேம்பு என்கிற இன்ஜினியர் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். அங்கே சிறிய விமானங்கள் செய்கிற ஒரு பட்டறையில் பெரிய வேலை. மார்க்கெட்டில் பூ வாங்கின அவருடைய உறவுக்காரப் பெண் இதைச் சொல்ல, அக்கா கடையை அப்படியே போட்டுவிட்டுப் போய் அவரைக் கையோடு கூட்டிவந்துவிட்டாள். அவர் இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்தார். விசிறியைக் கையால் மெல்லத் திருப்பி, காதைக் கிட்டத்தில் வைத்துக் கேட்டார்.

"ஒரு மணி நேரம், முழு வேகத்துல, நிக்காம ஓடணும். ஓடிட்டா எங்க பட்டறையில உங்களுக்கு வேலை. குடும்பத்தோட வந்துடலாம், வீடும் உண்டு. வர்ற ஞாயித்துக்கிழமை வர்றேன். நான் ஒருத்தன் பாத்தா போதும், கூட்டம் கீட்டம் வேணாம்."

அக்கா அன்றைக்குச் சிரித்ததைப் போல அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. "பெங்களூர்ல குளுருமாம்டா, ரெண்டு கம்பளி வாங்கணும்" என்றாள்.

மாமா என்ன செய்தார்? பந்தல் போட்டார். நோட்டீசு அடித்தார். கடற்கரையை ஒட்டிய திடலில் நாற்காலி, மைக், போட்டோக்காரர், கலர் சோடா. கேட்டதற்கு, "உலகம் பாக்காத இன்ஜின் ஓடி என்னா, ஓடாட்டி என்னா மச்சான்" என்றார். தலைமை தாங்க அரிசி மண்டி கன்னியப்பனை அழைத்திருந்தார். தேர்தலில் இரண்டு தடவை நின்று இரண்டு தடவையும் டெப்பாசிட் இழந்தவர். ஆனாலும் அவரைத் தலைவரே என்றுதான் கூப்பிட வேண்டும். அவராகவே பழக்கிவைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வேம்பு சொன்னபடி வந்தார். பந்தலைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது. போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மணல் மூட்டை ஏற்றிய வண்டியில் இன்ஜினைப் பூட்டி, வண்டியைத் தென்னை மரத்தோடு கட்டியிருந்தது. கன்னியப்பன் சரிகைப் பொன்னாடையை விரித்துக்கொண்டு மாமாவிடம் வந்தார். அங்கேதான் மாமாவுக்குப் புத்தி கெட்டது. கையைக் கூப்பி, மைக்கில் எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்கு வேணாம் தலைவரே. இந்த மரியாதை என் இன்ஜினுக்குத்தான்" என்றார். திடலே கை தட்டியது. கன்னியப்பன் இரண்டு சிலிண்டரையும் மூடி, தோளில் போர்த்துகிற மாதிரியே போர்த்தினார். கடல் காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று அவருடைய ஆள் ஒருவன் சணலால் இழுத்துக் கட்டினான். போட்டோக்காரர் அதையும் எடுத்தார்.

மாமா விசிறியைச் சுழற்றிவிட்டார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. அடேயப்பா, என்ன சத்தம். மணல் பறந்தது, பந்தல் ஆடியது. கன்னியப்பன் அதற்கிடையிலும் மைக்கைப் பிடித்துப் பேசத் தொடங்கினார். ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்காத பேச்சுக்கு முன்வரிசை தலையாட்டியது.

பொன்னாடையை இப்போது எடுத்துவிடுவார், இதோ எடுத்துவிடுவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. விசிறிக் காற்று துணியைத் தகடுகளோடு சேர்த்து அறைந்து ஒட்டவைத்தது. ஒரு பொட்டுக் காற்று உள்ளே போகாது. வேம்பு எழுந்து முன்னால் வந்து துணியைக் காட்டிக் கையசைத்தார். மாமா சிரித்துக்கொண்டே, பேசிக்கொண்டிருந்த கன்னியப்பனைக் கண்ணால் காட்டினார். தலைவர் போர்த்தியதைத் தலைவர் எதிரிலேயே எப்படி உருவுவது? வேம்பு திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

அரை மணி போயிருக்கும். துணி கருகுகிற நாற்றம் வந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்தாள். வீங்கின காலை இழுத்துக்கொண்டு நேராக இன்ஜினை நோக்கி நடந்தாள். அத்தனை ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்த இடத்தில் எழுந்தவள் அவள் ஒருத்திதான். சணலில் கை வைக்கப் போனவளை மாமா தடுத்தார். போட்டோக்காரர் எதிரே நின்றிருந்தார். மாமா அக்காவின் தோளைப் பிடித்து, மீசையை நீவிவிட்டு, போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நிறுத்திக்கொண்டார். அந்தப் படம் எடுத்த கையோடு இன்ஜின் கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. விசிறி ஓர் உதறு உதறி அப்படியே நின்றது.

கூட்டம் கை தட்டியது. நின்றதும் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். கன்னியப்பன் எழுந்து நின்று தட்டினார். மாமாவும், தட்டுகிறார்களே என்று கும்பிடு போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பந்தலுக்கே தீ வைத்திருப்பேன்.

கிளம்பிப் போய்விட்ட வேம்புவைப் பஸ் ஸ்டாண்டில் பிடிக்க மாமா, அக்கா, நான் மூன்று பேரும் ஓடினோம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமா கெஞ்சினார். "பிஸ்டன்தாங்க ஒட்டிக்கிச்சு. ஒரு வாரத்துல சரி பண்ணிடுவேன். இன்னொரு தபா பாருங்க."

"சரி பண்ணுவீங்க, தெரியும். இன்ஜின்ல ஒரு குறையும் இல்ல" என்றார் வேம்பு. "அது சூடேறுதுன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

மாமா ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"தெரியும். தெரிஞ்சும் நின்னீங்க. நாளைக்கு எங்க முதலாளி வந்து நின்னா அப்பவும் இப்படித்தான் நிப்பீங்க. மேல ஆகாசத்துல ஒருத்தன் உக்காந்து ஓட்டுவான்யா."

இதைச் சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்து, "மன்னிச்சுக்கம்மா" என்றார். பஸ் கிளம்பியது. அக்கா அழவில்லை. நேராக மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள், மாலைப் பூவுக்கு நேரமாகிவிட்டது என்று.

அதற்குப் பிறகு மாமா நான்காவது இன்ஜின் செய்யவில்லை. ஒரு ரைஸ் மில்லில் மோட்டார் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. அதற்கு முன்னால் வேலை கேட்டுக் கன்னியப்பனிடம் போனபோது, "எந்த இன்ஜினுப்பா?" என்று அவர் கேட்டாராம். திருந்துவார் என்று பார்த்தால், கதைதான் திருந்தியது. முதலில் எண்ணெய் சரியில்லை என்றார். பிறகு இன்ஜின் ஒரு மணி நேரமும் ஓடியது என்றார். எண்பத்து மூன்று வாக்கில், பெங்களூர்க்காரன் வீடு தேடி வந்து கெஞ்சினான், நான்தான் இந்த மண்ணை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டேன், என்றே சொல்லத் தொடங்கிவிட்டார். கேட்க வந்தவர்கள் அக்காவைப் பார்ப்பார்கள். அவளும், "ஆமா, எவ்வளவோ சொன்னேன், கேக்கல" என்பாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் மார்க்கெட்டுக்கே போய்ச் சண்டை பிடித்தேன். "உன் பொழப்பைக் கெடுத்துட்டு அந்த ஆளு கூசாம பேசறாரு. நீ வேற ஒத்து ஊதற. வெக்கமா இல்ல?"

அக்கா கதம்பத்தை முடித்து நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நடந்தது என்னான்னு அவருக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா? ராவெல்லாம் முழிச்சிக்கிட்டுக் கெடக்கறது எனக்குத்தான் தெரியும். அந்தப் பொய்யையும் புடுங்கிட்டா அவரு இருக்க மாட்டாருடா. எனக்குப் பெங்களூரும் இல்லன்னு ஆச்சு. ஆளாவது இருக்கட்டும்."

எண்பத்தைந்தில் உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றிலிருந்து நிருபர் வந்தார். விமான இன்ஜின் செய்த முதல் புதுச்சேரிக்காரர் என்று எழுதப் போகிறாராம். மாமா சட்டையை மாற்றிக்கொண்டு, நரைத்த மீசையை முறுக்கிவிட்டு, ஆரம்பம் முதல் சொன்னார். பெங்களூருக்குப் போக மறுத்த இடம் வந்ததும் நிருபருக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"நீங்க மேரியில வேலை பாக்கறவரு. கூட இருந்திருக்கீங்க. இது உண்மைதானே சார்?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசை நுனியில் இருந்த கை அப்படியே நின்றிருந்தது. அடுப்படி வாசலில் அக்கா வந்து நின்றாள்.

"ஆமாம்" என்றேன். "நாங்க எல்லாரும் போகச் சொன்னோம். மாமாதான் போகல."