வெள்ளிப் பேனாவில் பொறித்த பெயர்

எங்கள் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றபோது அவருக்கு வெள்ளிப் பேனா வாங்கித் தருவது என்று ஆசிரியர் கூட்டத்தில் முடிவானது. அதைத் தேர்ந்தெடுக்க என்னையும் கணக்கு டீச்சரையும் சேர்த்தே அனுப்பினார்கள். அவர் மட்டும் போனால் நான் குறை சொல்வேன், நான் மட்டும் போனால் அவர் சொல்வார் என்பதுதான் காரணம். நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

உதவித் தலைமையாசிரியர் பதவி காலியானபோது பணிமூப்பில் தமிழ் டீச்சரான நான்தான் முன்னால் இருந்தேன். தமிழ் டீச்சருக்கு நிர்வாகம் வராது என்று தாளாளரிடம் சொல்லி, கணக்கு டீச்சரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தவர் இந்தத் தலைமையாசிரியர். அவர் அப்படிச் சொன்னபோது நான் அறை வாசலில்தான் நின்றிருந்தேன். உள்ளே கணக்கு டீச்சரும் இருந்தார். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

தேரடி வீதியில் கைக்கடிகாரமும் பேனாவும் விற்கிற பாய் கடைக்கு, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து போனேன். கணக்கு டீச்சர் ஸ்கூட்டியில் முன்பே வந்து, ஃபேனுக்கு நேராக இருந்த ஸ்டூலைப் பிடித்திருந்தார். எனக்கு மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது.

பாய் நீலத் துணியை விரித்து இரண்டு பேனாக்களை வைத்தார். இரண்டும் அசல் வெள்ளி. நிப் மட்டும் தங்கம். ஒன்று வழவழவென்று வெறுமையாக இருந்தது. மற்றதில் மூடி முதல் அடி வரை கொடி வேலைப்பாடு.

"இதுதான் பாக்கறதுக்கு கிராண்டா இருக்கு," என்று கொடிப் பேனாவைத் தொட்டு பாயிடம் சொன்னார் கணக்கு டீச்சர்.

"எழுதறப்ப விரலை உறுத்தும்னு சொல்லுங்க பாய்," என்றேன்.

"வழவழன்னு இருக்கறது கைய விட்டு நழுவும்னு அவங்களுக்குச் சொல்லுங்க."

பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே ஸ்கூல்தானே மேடம்?"

கணக்கு டீச்சர் கொடிப் பேனாவின் மூடியைத் திருகினார். பாய் வழவழப்பான பேனாவை மையில் தோய்த்து என்னிடம் நீட்டினார். "எழுதிப் பாருங்க. வெயிட் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா பேலன்ஸ் நல்லா இருக்கும்."

கையில் சில்லென்று இருந்தது. அழுத்தாமலே மை இறங்கியது. 'நிர்வாகம் வராது' என்று எழுதினேன். சுழிகள் மெலிந்தும் தடித்தும் விழுந்தன. அந்த இரண்டு சொற்களை அவ்வளவு அழகாக யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "இன்னும் அதையே புடிச்சிட்டு இருக்கீங்களா?" என்று நேராக என்னிடமே கேட்டார்.

"விடச் சொல்ல நீங்க யாரு?"

"அந்தப் போஸ்ட்ட நான் கேக்கல டீச்சர்."

"வேணாம்னும் சொல்லலியே."

வாசலில் திருநீறு பூசிய ஒரு குடும்பம் உள்ளே வர யோசித்து நின்றது. பாய் குரலைத் தாழ்த்தி, "பேர் வெட்டணும்னா ப்ளெயின்தான் மேடம். டிசைன்ல எடமே இல்ல," என்றார். அதனால் வழவழப்பான பேனாதான் என்று முடிவானது. ஜெயித்ததுபோல் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த சண்டை வாசகத்துக்கு. 'அன்புடன் ஆசிரியர்கள்' என்று போடச் சொன்னார் கணக்கு டீச்சர்.

"அந்த அன்புல என்னைச் சேக்காதீங்க," என்றேன்.

"அப்ப மரியாதையுடன்னு போடலாமா?"

"அதுவும் பொய்."

கடைசியில் தலைமையாசிரியரின் பெயரை மட்டும் வெட்டச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு பக்கம் போனோம்.

பிரிவுபசார விழாவில் சால்வைகளுக்குப் பிறகு பேனா வந்தது. தலைமையாசிரியர் பெட்டியைத் திறந்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மைக்கில் சொன்னார். "என் பேர் இருக்கு. குடுத்தவங்க பேரக் காணோமே?"

எல்லோரும் சிரித்தார்கள். மேடையிலிருந்த கணக்கு டீச்சர் சிரிக்கவில்லை. "தமிழ் டீச்சரைக் கேளுங்க சார். அவங்கதான் வேணாம்னாங்க."

மொத்த ஹாலும் என் பக்கம் திரும்பியது. எழுந்து நின்றேன்.

"ஆமா சார். உங்களுக்கு எழுத எனக்கு எதுவும் தோணல."

அவர் என்னையே பார்த்தார். பிறகு பெட்டியை மூடினார். பி.டி. மாஸ்டர் அவசரமாகக் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். சாப்பாட்டுக்கு இருக்காமல் பஸ் ஏறினேன்.

ஜூனில் கணக்கு டீச்சர் தலைமையாசிரியரானார். ஒன்பதாம் வகுப்பின் கடைசி பீரியட் தினமும் என் தலையில் விழுந்தது. உத்தரவுகள் எல்லாம் ஆபீஸ் உதவியாளர் வழியாகத்தான் வரும்.

ஓய்வு பெற்றவர் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் குடியேறியிருக்கிறார். ஒருநாள் காய்கறிக் கடையில் எதிரே வந்து, "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டார். குரல் மிருதுவாக இருந்தது. இன்னும் ஏதோ சொல்ல நினைத்தவர்போல் நின்றார். நான் பொறுக்கிய தக்காளியைத் தராசில் வைத்து, கடைக்காரரிடம் பில் போடச் சொன்னேன்.